வாடிய மல்லிகை மண்ணாகும் விதம்

வெள்ளிக்கிழமை தேக்காவில் வாங்கி சாமிப் படத்துக்குச் சாத்திய மல்லிகைச் சரம் ஞாயிறன்று பழுப்பேறிவிடும். எங்கள் வீவக வீட்டின் குப்பைக் குழாயில் போட்டால் எரியுலைக்குப் போய், சாம்பலாகி, 1999இல் திறந்த புலாவ் செமக்காவ் தீவில் கிடக்கும். சிங்கப்பூருக்கு இருக்கும் ஒரே குப்பை நிரப்பிடம் அதுதான். 2035 வாக்கில் அதுவும் நிரம்பிவிடும் என்கிறார்கள். இறைவனுக்குச் சூட்டிய பூவை அப்படி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

அதனால் தாழ்வாரத்தில் துளையிட்ட வாளி ஒன்று வைத்தேன். வாடிய பூ, காய்கறித் தோல், தேயிலைச் சக்கை ஒரு பங்கு. புளோக்கின் கீழே தூங்குமூஞ்சி மரம் உதிர்த்த சருகு இரண்டு மூன்று பங்கு. சோறும் மீனும் சேர்ப்பதில்லை. மூன்றாம் நாள் கையை வைத்துப் பார்த்தேன். வெதுவெதுவென்றிருந்தது!

அடுப்பு மூட்டியது யார்? கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள். அவை உண்டு மூச்சுவிடும் சூடு அது. பெரிய குவியலானால் 60 டிகிரியைத் தாண்டும். களை விதைகளும் நோய்க்கிருமிகளும் அதில் மடியும். சூடு தணிந்ததும் பூஞ்சைகள் வருகின்றன. சாம்பல் பூத்தாற்போல் வெள்ளை இழைகள் விரிந்தால் அவை ஆக்டினோமைசீட்கள் என்னும் பாக்டீரியாக்கள். முதல் மழையின் மண்வாசனைக்குக் காரணமான ஜியோஸ்மினைத் தருவது அந்த இனம். 1943இல் காசநோய்க்கு மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் கிடைத்ததும் அதே குடும்பத்திலிருந்துதான். நாம் மூக்கைப் பொத்திக்கொள்ளும் இடத்தில் படைத்தவன் மருந்தை வைத்திருக்கிறான். ஒவ்வொரு முறை கிளறும்போதும் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

சிங்கப்பூர் மண்ணுக்கு இப்படிக் கிடைக்கும் மட்கு மிகவும் தேவை. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டும் மழை, செம்மண்ணின் சத்தை அலசிக்கொண்டு போய்விடுகிறது. மட்கு அந்தச் சத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். இறுகிய களிமண்ணையும் பொலபொலவென்று ஆக்கும். 2005இல் தேசிய பூங்காக் கழகம் தொடங்கிய திட்டத்தால் இன்று பல பேட்டைகளில் சமூகத் தோட்டங்கள் இருக்கின்றன. வாளி வைக்க இடமில்லாதவர்கள் அங்கே கேட்டுப் பார்க்கலாம்.

மூன்று மாதத்தில் என் வாளியில் பூவும் இல்லை, தோலும் இல்லை. கருத்த மண்தான் இருந்தது. அதைக் கறிவேப்பிலைச் செடிக்கு இட்டேன். அடுத்த சரத்தைப் போடுமுன் ஜிகினாவையும் நைலான் நூலையும் உருவிவிடுங்கள். அவை மட்டும் மட்காது.