அலகில் பெயர் பொறித்த சேலத்து அருணாசலம்

ஊரிலிருந்து உறவினர் வந்தால், தில்லிவாழ் தமிழர் அவர்களை அழைத்துச் செல்லும் இடங்களுள் குதுப்மினார் ஒன்று. அங்கே நிற்கும் இரும்புத் தூணை வந்தவர்கள் வியந்து பார்ப்பார்கள். ஏறத்தாழ 7 மீட்டர் உயரமும் 6 டன்னுக்கு மேற்பட்ட எடையும் உடைய அத்தூண், ஆயிரத்து அறுநூறு ஆண்டு மழையும் வெயிலும் கண்டும் துருவால் அழியாமல் நிற்கின்றது. முற்காலத்தில் மக்கள் அதற்கு முதுகைக் காட்டி நின்று, கைகளைப் பின்னால் வளைத்துக் கட்டிப்பிடித்து, அதிர்ஷ்டம் பார்ப்பது வழக்கம். 1997-ஆம் ஆண்டில் சுற்றிலும் வேலி போடப்பட்டபின் அவ்வழக்கம் நின்றது.

அத்தூணிலே ஒரு பெயர் பொறிக்கப்பட்டிருக்கின்றது. சந்திரன் என்னும் மன்னனின் பெயர் அது. இரண்டாம் சந்திரகுப்தனே அவன் என்று அறிஞர் பெரும்பாலோர் கருதுகின்றனர். மன்னன் பெயர் நிலைத்தது. நெருப்பின் முன் நின்று இரும்பைக் காய்ச்சிக் காய்ச்சி ஒட்டி, அத்தூணை உருவாக்கிய கொல்லர்களின் பெயர் அதில் இல்லை. உலகத்தின் வழக்கம் பெரும்பாலும் இதுவே.

இவ்வழக்கத்துக்கு மாறாகத் தம் கைவேலையின்மீது தம் பெயரையே பொறித்த ஒரு கொல்லர் நம் சேலத்தில் வாழ்ந்தார். அவரை நேயர்களுக்கு நினைவூட்டவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

அவரை நாம் அறிந்தது தற்செயலாகவே. தரியாகஞ்சில் நெடுங்காலம் கூடிவந்த ஞாயிற்றுக்கிழமைப் பழம்புத்தகச் சந்தை, 2019 முதல் மகிளா ஹாட் திடலில் கூடுகின்றது. சென்ற குளிர்காலத்தில் அங்கே பழைய ஆயுதங்களின் ஏலப் பட்டியல் ஒன்று நம் கைக்குக் கிடைத்தது. அதிலே ஒரு வேட்டைக் கத்தியின் படம். தடித்த முதுகும் கூரிய நுனியும் உடைய அலகு. அலகின்மேல் ஆங்கில எழுத்தில் ஒரு முத்திரை. எழுத்துக் கூட்டிப் படித்தோம்: 'ஆர்னாச்செல்லம், சேலம்'. யாரோ வெள்ளைக்காரர் என்று பக்கத்தைத் திருப்பிவிட்டோம். இரண்டு பக்கம் சென்றபின்னரே நெஞ்சில் உறைத்தது. ஆர்னாச்செல்லமாவது! அருணாசலமன்றோ அது!

பத்தொன்பதாம் நூற்றாண்டில் சேலத்திலே பட்டறை வைத்திருந்தவர் இந்த அருணாசலம். வேட்டைக் கத்திகளும், காட்டுப் பன்றியைக் குதிரைமேலிருந்து குத்தும் ஈட்டி முனைகளும் அவருடைய பட்டறையின் சிறப்புச் சரக்குகள். ஆங்கிலேயப் படை அதிகாரிகளும் வேட்டைப் பிரியர்களும் அவற்றை விரும்பி வாங்கினர். இங்கிலாந்தின் ஷெப்பீல்டு நகரத்துக் கத்திகள் உலகச் சந்தையை ஆண்டுகொண்டிருந்த காலம் அது. அக்காலத்தில் சேலத்துக் கொல்லர் ஒருவரின் முத்திரையை அவர்கள் தேடி வாங்கினார்கள் என்பதே அவர் கைத்திறத்துக்குப் போதிய சான்று. இன்றும் பழம்பொருள் சேகரிப்போர், அந்த முத்திரை உள்ள கத்தியென்றால் விலையை உயர்த்திக் கேட்கின்றனர்.

கேட்டவருக்குக் கேட்டவாறு செய்துகொடுப்பது எளிய தொழிலன்று. ஈட்டியையே எடுத்துக்கொள்வோம். வங்காளத்து வேட்டைக்காரர் குட்டையான காம்பும், அதன் அடியில் ஈயக் கனமும் கொண்ட ஈட்டியை மேலிருந்து கீழாகக் குத்துவர். பம்பாய்ப் பக்கத்தார் நீண்ட ஈட்டியைக் கையின் கீழாகத் தாழப் பிடித்துப் பாய்வர். முனையின் எடை சற்றே மிகுந்தாலும் மூங்கில் காம்பு கை தடுமாறும். குறைந்தால் முனை வளையும். வளைந்த முனையோடு காயம்பட்ட பன்றியின் முன்னே நிற்பவனுக்கு உயிர் மிச்சமில்லை. நம் தில்லிக்கு அண்மையிலுள்ள மீரட்டில் இவ்விளையாட்டுக்கெனக் 'காதிர் கோப்பை' என்னும் போட்டி நடந்துவந்தது. சாரணர் இயக்கத்தைத் தோற்றுவித்த பேடன் பவல் 1883-இல் அக்கோப்பையை வென்றவர். அந்த வேட்டையை நாம் இன்று போற்ற வேண்டுவதில்லை. ஆனால் மனிதன் தன் உயிரை ஒரு கொல்லனின் வேலையை நம்பி ஒப்படைத்தான் என்பதைக் கருத வேண்டும்.

இங்கேதான் முத்திரையின் பொருள் விளங்குகின்றது. அது பெருமைக்காக மட்டும் போட்ட பெயரன்று, பிணைக் கையெழுத்து. அலகு முறிந்தால் பழி இன்னாருக்கு என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்த பத்திரம் அது. நம் அலுவலகத்தில் ஒரு காகிதத்தின் கீழே பெயரிடுமுன் நாம் எத்தனை முறை தயங்குகின்றோம்! அருணாசலத்தின் பட்டறையோ ஒவ்வோர் அலகிலும் அதைத் துணிந்து செய்தது.

அத்துணிவுக்குப் பின்னால் சேலம் நாட்டின் நெடுங்கால மரபு நின்றது. சேலத்தை அடுத்த கஞ்சமலை இரும்புக் கனிமம் நிறைந்தது. ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலில் நடந்த அகழ்வாய்வுகள், ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இப்பக்கத்தில் இரும்புத் தொழில் தழைத்திருந்ததைக் காட்டுகின்றன. தென்னாட்டு உருக்கை ஐரோப்பியர் 'ஊட்ஸ்' என்றனர். புகழ்பெற்ற டமாஸ்கஸ் வாள்களுக்கு இத்தகைய உருக்கு மூலப்பொருளாயிற்று. கத்தித் தொழிலாளரான லண்டன் ஸ்டோடார்ட், ஐரோப்பிய உருக்கினும் இதுவே மேலென்று விளம்பரம் செய்தார். மைக்கேல் பாரடே அதனை ஆராய்ந்து 1819-இல் கட்டுரை வெளியிட்டார். மின்னியலின் தந்தையென உலகம் போற்றும் அந்தப் பாரடே ஒரு கொல்லரின் மகன் என்பதை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகின்றோம்.

உருக்குச் செய்யும் முறையைக் கம்பெனி உத்தியோகத்திலிருந்த ஹீத் என்பவர் எழுதிவைத்துள்ளார். உமிக்கரி கலந்த களிமண்ணால் மூசை செய்வர். அதனுள் தேனிரும்புத் துண்டுகளையும் உலர்ந்த ஆவாரஞ் சிராய்களையும் இட்டு, மேலே எருக்கிலை ஒன்றிரண்டை வைத்து மண்ணால் வாயை அடைப்பர். இருபது முதல் இருபத்து நான்கு மூசைகளை ஓர் உலையில் அடுக்கி, ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் துருத்தி ஊதுவர். மூசையை உடைத்தால் உள்ளே உருக்குக் கட்டி இருக்கும். வேலியோரத்து ஆவாரையும் எருக்குமே இரும்புக்குக் கரியூட்டி அதனை உருக்காக்கின.

உருக்கு கிடைத்துவிட்டால் மட்டும் கத்தி ஆகிவிடாது. காய்ச்சி அடித்து வடிவு கொடுத்தபின், செக்கச் சிவக்கக் காய்ச்சி நீரிலோ எண்ணெயிலோ தோய்க்க வேண்டும். தோய்ந்த அலகு கடினப்படும். ஆனால் கண்ணாடிபோல் முறியும். ஆகவே மறுபடியும் மெல்லச் சூடேற்றுவர். அப்போது மெருகிட்ட அலகின்மேல் நிறங்கள் ஓடும்: முதலில் வைக்கோல் நிறம், பின்பு பழுப்பு, ஊதா, முடிவில் நீலம். கூர் நிற்க வேண்டிய கத்திக்கு வைக்கோல் நிறத்திலும், வளைந்து கொடுக்க வேண்டிய கருவிக்கு நீலத்திலும் நிறுத்துவர். ஒரு கணம் தவறினால் பகல் முழுதும் பட்ட பாடு வீண். உலைக்களங்கள் இருண்டிருப்பது வறுமையால் மட்டுமன்று. தோய்க்குமுன் செக்கச் சிவந்து ஒளிரும் இரும்பின் நிறத்தைக் கண் பிரித்தறிய இருள் வேண்டும்.

இவற்றை நாம் புத்தகத்தில் படித்து எழுதவில்லை. கஞ்சமலை அடிவாரத்துச் சிற்றூரில் நம் பாட்டனார் சொல்லக் கேட்டோம். அவர் கொல்லர்.

அருணாசலத்தின் காலத்திலேயே அவர் தொழிலைச் சுற்றி நிழல் விழத் தொடங்கிவிட்டது. மேற்சொன்ன ஹீத் 1830-இல் பரங்கிப்பேட்டையில் தொடங்கிய இரும்பாலை நெடுநாள் நிலைக்கவில்லை. 1856-இல் பெஸ்ஸிமர் கண்ட முறையால் இங்கிலாந்தில் உருக்கு மலிந்தது. 1878-இல் ஆயுதச் சட்டமும், 1882-இல் சென்னைக் காட்டுச் சட்டமும் வந்தன. கரிக்கு விறகு வெட்டுவது அரிதாயிற்று. சென்னையிலிருந்து சேலம் வழியாகப் பேப்பூர் வரை 1862-இல் நிறைவுற்ற இருப்புப்பாதை, சீமை இரும்பை உள்நாட்டுச் சந்தைகளின் வாசலிலேயே இறக்கியது. நமக்குச் சோறு போடும் இருப்புப்பாதைக்கும் இதில் பங்குண்டு என்பதை மறைப்பதற்கில்லை. நூற்றாண்டின் இறுதிக்குள் மூசை உருக்குத் தொழில் ஏறக்குறைய அணைந்துவிட்டது. பின்னாளில் 1970-இல் அடிக்கல் நாட்டப்பெற்ற சேலம் உருக்காலை, துருப்பிடிக்காத எஃகுத் தகடுகளால் ஊர்ப்பெயரை மீண்டும் நாடறியச் செய்தது. ஆயினும் அது வேறு தொழில், வேறு கைகள்.

நம் பாட்டனார் காலத்தில் கஞ்சமலை இரும்பு இல்லை; பழைய லாரிகளின் வில்பட்டைகளை வெட்டியே அரிவாள் அடித்தார். நம் தந்தையார் துருத்தியையும் பட்டடையையும் விற்றுவிட்டு, இரயில்வேயில் கலாசியாகச் சேர்ந்தார். நாம் மெட்ரிகுலேஷன் தேறிக் குமாஸ்தாவாகித் தில்லிக்கு வந்தோம். இது முன்னேற்றமே; இதில் நமக்கு வருத்தமில்லை. வருத்தம் வேறு.

சென்ற ஆண்டு, குடும்பத்தின் பழைய தொழில்பற்றி எழுதிவரும்படி பள்ளியில் சொன்னதாக நம் மகன் வந்து கேட்டான்: "அப்பா, கொள்ளுத் தாத்தா என்ன வேலை செய்தார்?" நாம் சற்றும் தயங்காமல், "விவசாயம்" என்றோம். அவ்வாறே எழுதிக்கொண்டு போனான். ஏன் அவ்வாறு சொன்னோம்? இத்தலைநகரில் சட்டை மடிப்புக் கலையாமல் வாழக் கற்றபின், கரிபடிந்த கையை நம் கையோடு சேர்த்துச் சொல்ல நாக் கூசியது. உண்மை இதுவே.

சென்ற மாதம் நம் இல்லத்து அரிவாள்மணை மழுங்கிப் போயிற்று. திருமணத்தின்போது ஊரிலிருந்து கொண்டுவந்தது, பாட்டனார் அடித்தது. சாணை பிடிக்க, சாலையோரத்துக் காடியா லோகார் ஒருவரிடம் மகனையும் அழைத்துச் சென்றோம். மாட்டுவண்டியையே வீடாகக் கொண்டு ஊர் ஊராகத் திரிந்த இவர்களைத் தில்லியில் காணாதார் இலர். 1568-இல் சித்தூர்க் கோட்டை வீழ்ந்தபோது, அதை மீட்கும்வரை வீட்டில் தங்குவதில்லை என்று தம் முன்னோர் சூளுரைத்ததாக இவர்கள் கூறுவர். 1955-இல் பிரதமர் நேரு இவர்களை அக்கோட்டைக்குள் அழைத்துச் சென்றார். ஆயினும் பலர் இன்றும் சாலையோரத்திலேயே உலை மூட்டுகின்றனர். கணவர் குறட்டால் இரும்பைப் பிடிக்க, மனைவி சம்மட்டி வீசுவதை அங்கே காணலாம்.

அப்பெரியவர் அரிவாளின் அடிப்பக்கத்தைத் துணியால் துடைத்தார். மூன்று புள்ளிகள் தெரிந்தன. இத்தனை ஆண்டு கண்ணில் பட்டும் நாம் கருதாத புள்ளிகள். இது செய்தவனின் அடையாளம் என்று இந்தியில் சொன்னார். அலகை விரலால் சுண்டி ஓசை கேட்டார். தோய்ச்சல் நன்றாக விழுந்திருக்கின்றது, யார் வேலை என்று வினவினார்.

மகன் நம் முகத்தைப் பார்த்தான். ஏலப் பட்டியலில் கண்ட முத்திரை நம் நினைவுக்கு வந்தது. அந்நிய எழுத்தில், அந்நியர் நாவுக்கேற்பத் திரிந்திருந்தும், அருணாசலம் தம் பெயரை மறைக்கவில்லை. "நம் பாட்டனார் செய்தது. அவர் லோகார்" என்றோம். அப்பெரியவர் சாணைக்குக் கூலி வாங்க மறுத்தார். வற்புறுத்திக் கொடுத்துவிட்டு வந்தோம். வீடு திரும்பும் வழியெல்லாம் மகன் ஒன்றும் பேசவில்லை. வந்தபின் அரிவாள்மணையைப் புரட்டி, மூன்று புள்ளிகளையும் தன் நோட்டில் பென்சிலால் வரைந்துகொண்டான். "பள்ளியில் தப்பாக எழுதிவிட்டேனே" என்றான். தப்பு உன்னுடையதன்று என்று சொன்னோம்.

அன்பார்ந்த நேயர்களே! நம்முள் எத்தனையோ இல்லங்களில் ஊரிலிருந்து வந்த அரிவாள்மணையும், பாக்குவெட்டியும், தேங்காய்த் துருவியும் பரண்மேல் கிடக்கின்றன. ஒரு நாள் அவற்றை இறக்கித் துடைத்துப் பாருங்கள். ஏதேனும் புள்ளியோ கோடோ இருக்கக்கூடும். அது யாருடைய கை என்று வீட்டு முதியோர் இருக்கும்போதே கேட்டுக் குழந்தைகளுக்குச் சொல்லிவையுங்கள். சேலத்து அருணாசலத்துக்கு நாம் சிலை எழுப்ப வேண்டுவதில்லை. அவரைப் போல், செய்தவர் பெயரைச் சொல்லக் கூசாதிருந்தால் போதும்.