மார்க்கு போடுவது யார்?



பரீட்சை பேப்பர் கைக்கு வந்ததும் நாம சொல்ற முதல் வார்த்தை, "மிஸ் எனக்கு கம்மியா போட்டுட்டாங்க" என்பதுதான். நானும் சொல்லியிருக்கேன். என் அக்கா காலேஜில் நடந்ததைக் கேட்ட பிறகு அப்படிச் சொல்வதில்லை.

சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கலைக் கல்லூரிகளில் ஒரு பாடத்துக்கு 100 மார்க். செமஸ்டர் பரீட்சைக்கு 75. மீதி 25 இன்டர்னல். அக்கா காலேஜில் அதை இப்படிப் பிரிக்கிறார்கள்:

டெஸ்ட் – 10
அசைன்மென்ட் – 5
செமினார் – 5
வருகை – 5

பாஸ் ஆக பரீட்சையில் 30, மொத்தத்தில் 40 வாங்கணும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது நம்ம எண்ணூரில் யாருக்கும் மறக்காது. எண்ணெய் கலந்த வெள்ளம் எங்க வீட்டுக்குள்ளும் வந்தது. அக்கா எழுதி வச்ச அசைன்மென்ட் கறுப்பாகிப் போச்சு. பயத்தில் அக்கா அதை யாரிடமும் சொல்லவில்லை. ரிசல்ட் வந்தது. பரீட்சையில் 31, இன்டர்னல் 8. மொத்தம் 39. ஒரே ஒரு மார்க்கில் அரியர்!

அம்மா மீன் வித்துதான் ஃபீஸ் கட்டுச்சு. அப்பா "படிச்சது போதும்" என்று சொல்லிட்டார். அக்கா அழுதுகிட்டே, "சார்தான் ஃபெயில் ஆக்கிட்டார்" என்று சொல்லுச்சு. மறுநாள் அம்மாவும் அக்காவும் ரயிலேறி காலேஜுக்குப் போனார்கள்.

சார் கோபப்படவில்லை. மார்க்கு நோட்டைத் திறந்து காட்டினாராம். "வெள்ளம் வந்தது உன் தப்பு இல்லம்மா. வந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வேற தேதி கொடுத்திருப்பேன். சொல்லாம இருந்தது யாரு?" என்று கேட்டார். அக்காவுக்குப் பதில் வரவில்லை.

பிறகு சார் சொன்ன மூன்று வழிகள்:

1. உன் மார்க்கை நீயே ஒரு நோட்டில் எழுது. எங்கே போச்சு, ஏன் போச்சு என்றும் எழுது.
2. திருத்தியதில் தப்பு இருந்தால் தைரியமாகக் கேள். பல்கலைக்கழகத்திலேயே மறுமதிப்பீடு இருக்கு.
3. கஷ்டம் வந்தால் முன்னாடியே சொல்.

அரியர் எழுதும்போது பழைய இன்டர்னல் 8 அப்படியேதான் இருந்தது. அதனால் பரீட்சையில் 32 வாங்கினால்தான் பாஸ். அக்கா 51 வாங்குச்சு! அப்பா இப்போ ஒண்ணும் சொல்றதில்லை.

நானும் நோட்டு போட்டேன். காலாண்டுத் தேர்வில் கணக்கில் 32. அதில் வடிவியல் 8 மார்க் முழுசா போச்சு. காரணம், நான் காம்பஸ் கொண்டு போகலை. இதுக்கு மிஸ் என்ன செய்வாங்க?

தோழிகளே, அடுத்த வருஷம் நமக்குப் பத்தாவது. அறிவியலில் செய்முறைக்கு மட்டும் 25 மார்க். இன்னைக்கே ஆளுக்கு ஒரு நோட்டு போடுவோம்!



– ஒன்பதாம் வகுப்பு மாணவி