ஆவி வந்த பிறகு பத்து நிமிஷம்

லண்டன் ஹீத்ரோவிலிருந்து பாரிஸின் சார்ல் த கோல் விமான நிலையம் நேர்த்தூரத்தில் சுமார் 350 கிலோமீட்டர். ஜெட் விமானம் மணிக்கு 800 கிலோமீட்டர் போகும் என்றால் அரை மணிகூட ஆகக்கூடாது. டிக்கெட்டிலோ ஒன்றேகால் மணிக்குக் குறையாமல் போட்டிருக்கும். மீதி நேரம் எங்கே போகிறது?

இட்லிக்கும் இதே கதைதான். "வேக பத்து நிமிஷம்" என்போம். அது ஆவி வந்த பிறகான கணக்கு. எண்ணெய் தடவி மாவு ஊற்ற, தண்ணீர் கொதிக்க, இறக்கிச் சற்று ஆறவிட என்று பசியோடு உட்கார்ந்திருப்பவருக்கு அரை மணி ஆகிவிடும்.

டிக்கெட்டில் இருப்பது பசித்தவரின் கணக்கு. விமானம் நின்ற இடத்தைவிட்டு நகர்வதிலிருந்து, அடுத்த ஊரில் போய் நிற்கும்வரை. ஹீத்ரோவில் ஓடுபாதைக்கு ஊர்ந்துபோய் வரிசையில் நிற்கவே கால் மணி, இருபது நிமிஷம் கரைந்துவிடும். காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து வீசுவதால், அதை எதிர்த்து மேற்கு நோக்கிக் கிளம்ப வேண்டும். பாரிஸ் இருப்பதோ தென்கிழக்கில். முதுகைக் காட்டிக் கிளம்பி, பிறகு திரும்ப வேண்டும். 10,000 அடிக்குக் கீழே பொதுவாக மணிக்கு 460 கிலோமீட்டர்தான் உச்சம். அதைத் தாண்டி ஏறி, முழு ஆவி கட்டியதும் இறங்கும் நேரம் வந்துவிடும். லண்டன்–ஏதென்ஸ் சுமார் 2,400 கிலோமீட்டர், ஏறக்குறைய ஏழு மடங்கு. நேரமோ சுமார் மூன்று மடங்குதான்.

பாரிஸிலிருந்து திரும்பும்போது இட்லித் தட்டையே பார்க்கலாம். ஹீத்ரோவில் நெரிசல் என்றால் விமானங்களை நான்கு இடங்களில் வானத்திலேயே அடுக்கி வட்டமிட வைப்பார்கள். தட்டுக்குத் தட்டு 1,000 அடி இடைவெளி. நாம் மேல்தட்டை முதலில் எடுப்போம், அங்கே அடித்தட்டுக்குத்தான் முதல் இறக்கம். இந்தச் சுற்றலுக்கும் சேர்த்துத்தான் விமான நிறுவனங்கள் அட்டவணையில் தாராளமாக நிமிஷங்களைப் போட்டுவைக்கின்றன. (பாரிஸ் கடிகாரம் ஒரு மணி முந்தியது. அதனால் திரும்பும் டிக்கெட்டில் கிளம்பி இருபது நிமிஷத்தில் லண்டன் போய்விடுவதுபோல் தெரியும். நம்பிவிடாதீர்கள்.)

சரி, எப்போது 'வந்து சேர்ந்ததாக' அர்த்தம்? இதற்கு ஒரு வழக்கே நடந்தது. ஐரோப்பிய விதிப்படி, அசாதாரணக் காரணம் எதுவும் இல்லாமல் 3 மணி நேரம் தாமதமானால், 1,500 கிலோமீட்டர் வரையான பயணத்துக்கு 250 யூரோ இழப்பீடு. சால்ஸ்பர்க்கிலிருந்து கொலோன்–பான் போன ஒரு விமானத்தின் சக்கரம் தரையைத் தொட்டபோது தாமதம் 2 மணி 58 நிமிஷம். நிறுத்துமிடத்துக்கு வந்தபோது 3 மணி 3 நிமிஷம். தரையைத் தொட்டதே கணக்கு என்றது நிறுவனம். லக்சம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய நீதிமன்றம் 2014-ல் அதை ஏற்கவில்லை. ஒரு கதவாவது திறந்து, பயணிகள் இறங்கலாம் என்று ஆகும் கணமே வந்துசேர்ந்த நேரம் என்று தீர்ப்புச் சொன்னது. அதாவது, பானையின் மூடியைத் திறந்த நேரம்.