காற்று வாங்க வந்த ஊர்

மே மாதம் தாம்பரத்தில் யாருக்கும் கீசர் தேவைப்படாது. மதியம் இரண்டு மணிக்குக் குழாயைத் திறந்தால், மொட்டை மாடித் தொட்டியில் வெந்த தண்ணீர் இறங்கும். வாளியில் பிடித்து ஆறவைத்துத்தான் குளிக்க வேண்டும். போன கோடையில் அப்படி வாளி ஆறக் காத்திருந்த நேரத்தில்தான், வெளிநாட்டிலிருக்கும் மகனைப் பார்த்துவிட்டுத் திரும்பிய பக்கத்து வீட்டுக்காரர் புடாபெஸ்ட் கதையை எடுத்தார். 1913-இல் திறந்த செச்செனி என்ற குளியல் மாளிகையாம். பனிக்காலத்திலும் திறந்த வெளியில் ஆவி பறக்கும் குளம். மார்பளவு வெந்நீரில் நின்றபடி கிழவர்கள் சதுரங்கம் ஆடுகிறார்களாம். காசு கொடுத்து வெந்நீரில் உட்கார்ந்துவிட்டு வந்திருக்கிறார் மனிதர். நான் என் வாளியைப் பார்த்தேன்.

நம் பக்கத்தில் அப்படி ஓர் ஊற்று ஏன் இல்லை என்று கேட்டார். பதில் பல்லாவரத்தில் இருக்கிறது. பூமிக்குள் இறங்க இறங்கச் சூடு கூடும். பொதுவாக ஒரு கிலோமீட்டருக்கு 25 முதல் 30 டிகிரி. மழைநீர் ஆழமான பிளவு வழியாக இறங்கி, சூடேறி, ஆறுவதற்குள் மேலே வந்துவிட்டால் வெந்நீர் ஊற்று. நம் காலடியில் கிடப்பதோ ஏறக்குறைய 250 கோடி ஆண்டுக் கிழட்டுப் பாறை. எப்போதோ ஆறி அடங்கியது. கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜோப் சார்னாக்கின் கல்லறைக்குப் பல்லாவரத்துக் கல்தான் போயிற்று. 1893-இல் ஹாலந்து என்ற புவியியலாளர் அந்தக் கல்லறையை வைத்தே இந்தப் பாறைக்குச் 'சார்னகைட்' என்று பெயரிட்டார். உலகப் பாடப்புத்தகங்களில் ஏறிய கல் நம்முடையது; அதில் குளிக்கத்தான் முடியாது.

தமிழர்களுக்கு வெந்நீர் ஊற்று தெரியாததல்ல. திருகோணமலைக்குப் பக்கத்தில் கன்னியாவில் ஏழு கிணறுகள் உண்டு. ஒவ்வொன்றிலும் சூடு சற்றே வேறுபடும். இராவணன் தன் தாய்க்குக் கருமம் செய்ய உண்டானவை என்பது கதை. இறந்தவருக்குக் கிரியை செய்ய மக்கள் அங்கே போவது வழக்கம். நம் ஆட்கள் வெந்நீர் ஊற்றைக் கண்டால் சதுரங்கப் பலகையை எடுப்பதில்லை, தர்ப்பையை எடுக்கிறார்கள்.

ஆனால் ஊற்று இல்லாமலே, உடம்பைத் தேற்றிக்கொள்ள வெளியூர்க்காரர்கள் வந்து தங்கிய இடம் ஒன்று இங்கே இருந்தது. மின்ரயிலில் தினமும் அதன் பெயரைக் கேட்கிறோம், காதில்தான் விழுவதில்லை. குரோம்பேட்டைக்கும் தாம்பரத்துக்கும் நடுவில், சானடோரியம்.

1928-இல் அதைத் தொடங்கியவர் டாக்டர் டேவிட் ஜேக்கப் ஆரோன் சவுரிமுத்து. இங்கிலாந்தில் மெண்டிப் மலைப் பகுதியில் காசநோயாளிகளுக்குச் சானடோரியம் நடத்தியவர். காசநோய்க்கு மருந்தில்லாத காலம் அது. இருந்ததெல்லாம் காற்று, வெயில், பால், முட்டை, ஓய்வு. ஜன்னலை மூடக் கூடாது. முடிந்தால் ஜன்னலே கூடாது, கட்டிலைத் தாழ்வாரத்தில் போடு. இப்படி ஒரு சிகிச்சைக்கு ஊர் நெரிசலைத் தாண்டிய இடம் வேண்டும். இங்குள்ள பச்சைமலை ஓரம் அன்று அப்படித்தான் கிடந்தது. கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்ரயில் வந்ததே 1931-இல்தான். கிறிஸ்தவக் கல்லூரி பட்டணத்தைவிட்டுக் காட்டுக்குள் குடிபெயர்ந்தது 1937-இல். அதே ஆண்டு சானடோரியம் அரசின் கைக்கு வந்தது.

சவுரிமுத்துவின் பெயர் இன்னொரு இடத்திலும் வரும். 1914 மார்ச்சில் 'நெவாசா' கப்பலில் கணித மேதை இராமானுஜன் இங்கிலாந்துக்குப் போனபோது, அதே கப்பலில் இவரும் பயணம் செய்தார். மூன்று ஆண்டு கழித்து, காசநோய் என்ற சந்தேகத்தில் இராமானுஜன் போய்ச் சேர்ந்த இடங்களில் ஒன்று இவருடைய மெண்டிப் சானடோரியம். கும்பகோணத்து உடம்பு, இங்கிலாந்துக் குளிர், திறந்த ஜன்னல். என்ன பாடுபட்டிருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். அந்தச் சிகிச்சை நாட்களில் கணிதவியலாளர் ஹார்டிக்கு எழுதிய கடிதம் ஒன்றில், கணக்குப் போட அறையில் கணப்பு கிடைப்பதில்லை என்று குறைப்பட்டுக்கொள்கிறார். குளியலறைதான் கதகதப்பாக இருக்கிறதாம். பேனாவும் காகிதமுமாகத் தினமும் அங்கே போய் உட்கார்ந்துகொள்ளப் போகிறாராம். புடாபெஸ்ட் கிழவர்களின் சதுரங்கத்தைக் கேட்டபோது எனக்கு இந்தக் கடிதம்தான் நினைவுக்கு வந்தது.

ஊர் திரும்பியபிறகும் இராமானுஜனை இடமாற்றம் விடவில்லை. 1919-இல் காவிரிக்கரையில் கொடுமுடி, பிறகு கும்பகோணம், கடைசியில் சென்னை சேத்துப்பட்டு. அங்கேதான் 1920 ஏப்ரல் 26 அன்று இறந்தார். அது காசநோயே அல்ல, ஈரலைத் தாக்கிய அமீபா நோயாக இருக்கலாம் என்று பிற்காலத்து மருத்துவர் ஒருவர் வாதிட்டிருக்கிறார். அப்படியென்றால் அவர் குளிரில் நடுங்கியதெல்லாம் எதற்கு?

அதே சேத்துப்பட்டில்தான் சானடோரியங்களின் கதையும் முடிந்தது. 1956-இல் அங்கே காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் ஒன்று தொடங்கப்பட்டது. சென்னை அரசு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சிக் குழு என நாலு பேர் கூடிய வேலை. மொத்தம் 193 நோயாளிகள். பாதிப் பேர் சானடோரியத்தில். மீதிப் பேர் தங்கள் வீட்டில், அதாவது நெருக்கமான ஒற்றை அறையில், இருந்த சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டு. எல்லோருக்கும் ஒரே மாத்திரைகள், ஒரு வருடத்துக்கு. சானடோரியத்துக்காரர்களுக்குச் சாப்பாடு மேல், ஓய்வு மேல், காற்று மேல். 1959-இல் முடிவு வெளியானது: வீட்டிலிருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள். கூட இருந்த வீட்டாருக்குத் தொற்றும் அதனால் கூடிவிடவில்லை. நோயைத் தீர்த்தது மாத்திரை, மலையோரக் காற்றல்ல. உலகம் முழுக்கச் சானடோரியங்கள் காலியாக இந்தச் சென்னைக் கணக்கு ஒரு பெரிய காரணம்.

நம்முடையது காலியாகவில்லை. இப்போது அது அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. எச்.ஐ.வி. நோயாளிகளைத் தொடப் பலரும் தயங்கிய 1993-இலேயே அவர்களைச் சேர்த்துக்கொண்டு, நாட்டின் பெரிய சிகிச்சை மையங்களில் ஒன்றானது. என் சின்ன வயதில் ரயில் அந்த ஸ்டேஷனைக் கடக்கும்போது மூக்கைப் பொத்திக்கொள்ளச் சொன்ன பெரியவர்கள் உண்டு. நல்ல காற்றுக்காகத் தேர்ந்தெடுத்த இடத்தில் மூச்சை அடக்கிக்கொண்டு போனோம்.

காற்று நோயைத் தீர்க்காது என்று நிரூபணமான பிறகும் ஆசை போகவில்லை. சானடோரியம் ஸ்டேஷனில் காலையில் அடையாள அட்டையோடு இறங்கும் கூட்டம் ஏற்றுமதி மண்டலத்துக்குப் போகிறது. சனிக்கிழமை வந்தால் அவர்களில் வசதிப்பட்டவர்கள் காற்று வாங்க ஈ.சி.ஆர். பக்கமோ ஏலகிரிக்கோ காரைக் கிளப்புகிறார்கள். விடுதியில் 'ஸ்பா' உண்டா என்று பார்த்துத்தான் அறை பிடிப்பது. ஸ்பா என்பது பெல்ஜியத்தில் ஊற்றுநீருக்குப் பேர்போன ஓர் ஊரின் பெயர்; நம் விடுதிகளில் அது எண்ணெய் மணக்கும் ஓர் அறை. நானும் ஒரு முறை போயிருக்கிறேன். மூலிகை ஆவிப் பெட்டிக்குள் கழுத்தை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு உட்கார்ந்தபோது மூக்கில் ஏறியது நொச்சி வாசனை. வீட்டில் ஜலதோஷத்துக்குப் போர்வைக்குள் பிடித்த அதே ஆவி, நான்கிலக்க விலையில். சுகமாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது.

அந்த ஆவிக்கு நம் மருத்துவத்தில் 'வேது' என்று பெயர். சித்த மருத்துவம் சொல்லும் 32 புறமருத்துவ முறைகளில் அதுவும் ஒன்று. ஒற்றடம், பற்று, கட்டு, கையால் பிடித்து நீவிவிடும் தொக்கணம் எல்லாம் அந்தப் பட்டியலில்தான் வரும். இவற்றைப் பார்க்க மலை ஏற வேண்டாம். 2005 செப்டம்பர் 3 அன்று பிரதமர் மன்மோகன் சிங் திறந்துவைத்த தேசிய சித்த மருத்துவ நிறுவனம், ஜி.எஸ்.டி. சாலையில் சானடோரியத்திலேயே இருக்கிறது. அதன் மருத்துவமனைக்கு, தாமே சித்த வைத்தியராக இருந்த அயோத்திதாச பண்டிதரின் பெயர். சவுரிமுத்துவும் இந்திய மருத்துவத்தின் தொன்மையைப் பற்றிப் புத்தகம் எழுதியவர். அவர் இடம் பிடித்த ஊரிலேயே சித்த மருத்துவமனை வந்து உட்கார்ந்ததைத் தற்செயல் என்றுதான் சொல்ல வேண்டும், ஆனால் பொருந்துகிறது.

இங்கே வருகிறவர்கள் இளைப்பாற வருவதில்லை. முழங்கால், இடுப்பு, கழுத்து என்று ஆளுக்கொரு வலியோடு காலையிலேயே வரிசை பிடிக்கிறார்கள். கையில் நோட்டு, பையில் தண்ணீர் பாட்டில், கஷாயத்துக்கோ தைலத்துக்கோ காலி டப்பா. மெல்லிய இசையும் ஊதுபத்தியும் கிடையாது. மின்விசிறி சுழலும் கூடத்தில் பெயரைக் கூப்பிடும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். பக்கத்தில் இருப்பவரிடம் எந்த ஊர் என்று கேட்டால் போதும், செய்யாறு, மதுராந்தகம், திண்டிவனம் என்று பேச்சு ஓடும். முதல் மின்ரயிலையோ பேருந்தையோ பிடித்து வந்திருப்பார்கள்.

பக்கத்து வீட்டுக்காரருக்கும் இடது தோள்பட்டை வலி உண்டு. புடாபெஸ்டில் மூன்று நாள் ஊறியும் விடவில்லையாம். திங்கட்கிழமை என்னோடு வருகிறேன் என்றிருக்கிறார். எத்தனை மணிக்குக் கிளம்பினால் வரிசையில் முன்னால் நிற்கலாம் என்பதுதான் இப்போது அவருடைய ஒரே கேள்வி.