பட்டா இல்லாத இடத்தில்

இரும்பை மாகாளேஸ்வரரைப் பார்த்துவிட்டு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். உடைந்த லிங்கத்தைச் செப்புத் தகட்டால் கட்டி வைத்திருக்கும் கோயில் அது. கடுவெளிச் சித்தரின் கோபத்தில் வெடித்ததாகக் கதை. மன்னனே வந்து அவரிடம் மன்னிப்புக் கேட்டானாம்.

கூட வந்த தம்பி கைப்பேசியை நீட்டினான். கானா நாட்டுப் பரம்பரைத் தலைவர் ஒருவர், பெரிய குடைக்கடியில், பொன்னும் கென்டே துணியுமாக. "அங்கதான் எலெக்‌ஷன் நடக்குதே அண்ணே, அப்புறம் இவரு எதுக்கு?"

நம்மூரிலிருந்தே தொடங்கலாம் என்றேன். அவன் தாத்தா காலத்தில் ஊருக்கு ஒரு மணியக்காரர், ஒரு கர்ணம், ஏவலுக்குத் தலையாரி. வரி வசூலும் கணக்கும் அவர்கள் கையில். அப்பனுக்குப் பின் பிள்ளை என்று வந்த வேலை. பரம்பரை என்பதற்காகவே பதவி கொடுப்பது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1960-லேயே சொல்லிவிட்டது. 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு அவசரச் சட்டம் போட்டு மணியக்காரர், கர்ணம் பதவிகளையே ஒழித்தது. 20,000-க்கும் மேற்பட்டவர்கள் வீட்டுக்குப் போனார்கள். வழக்குப் போட்டுப் பார்த்தார்கள், 1982-ல் தோற்றார்கள். இப்போது இருப்பவர் தேர்வு எழுதி வந்த வி.ஏ.ஓ.

அவ்வளவு பெரிய அதிகாரம் ஒரு கையெழுத்தில் எப்படிப் போனது? மணியக்காரரிடம் இருந்தது கணக்கு நோட்டுதான், நிலம் அவருடையதல்ல. இந்தப் பகுதி அப்போது தென்னார்க்காடு, ரயத்துவாரி மாவட்டம். பட்டா உழவன் பெயரில். நோட்டை வாங்கி வேறொருவரிடம் கொடுத்தால் வேலை முடிந்தது.

கானாவில் நிலமே தலைவரிடம் இருக்கிறது. ஐந்தில் நான்கு பங்கு நிலம் இன்றும் வழக்காற்று நிலம் என்பார்கள். அகான் மக்களிடம் அரியணை என்பது செதுக்கிய மர மணை. நிலம் அந்த மணைக்குச் சொந்தம், அதில் அமர்ந்திருப்பவர் காவலர். வீடு கட்ட இடம் வேண்டுமா, அவரிடம்தான் போகவேண்டும். 1992 அரசியல் சட்டம் அவர் பதவிக்கு உத்தரவாதம் கொடுத்து, கட்சி அரசியலில் இறங்கக் கூடாது என்று கையையும் கட்டியது. ஓட்டு இல்லை என்றாலும் கேள்வி உண்டு. ஆளை முன்மொழிகிறவர் அரசமாதா. தப்பு செய்தால் மணையிலிருந்து இறக்கிவிடவும் முறை இருக்கிறது.

"அப்ப அது பழைய காலத்துலேர்ந்து வர்றதுதானே?"

எல்லா இடத்திலும் அப்படியில்லை. நைஜீரியாவில் இக்போ மக்களில் பெரும்பாலோருக்கு முன்பு தலைவரே இருந்ததில்லை. ஊர் கூடிப் பேசுவார்கள். வெள்ளைக்காரன் ஆளைப் பிடித்து, சீட்டுக் கொடுத்து, 'நீதான் தலைவன்' என்றான். 1929-ல் பெண்கள் ஆயிரக்கணக்கில் திரண்டு அந்தச் சீட்டுத் தலைவர்களை விரட்டினார்கள். துப்பாக்கிச் சூட்டில் 50-க்கும் மேற்பட்ட பெண்கள் செத்தார்கள்.

இரண்டாவது டீ வந்தது. அதற்குள் தம்பியே ஒரு கேள்வியைப் பிடித்துவிட்டான். "நம்ம கடற்கரையில பஞ்சாயத்தார் இருக்காங்களே?"

அதுதான் விஷயம். கிழக்கே கொஞ்ச தூரம் போனால் பொம்மையார்பாளையம். அங்கிருந்து மரக்காணம் வரை மீனவர் குப்பங்கள். கடலுக்குப் பட்டா கிடையாது. எந்த வலை போடலாம், எவன் எல்லை தாண்டினான், செத்தவன் குடும்பத்துக்கு என்ன கொடுப்பது, எல்லாவற்றுக்கும் ஊர்ப் பஞ்சாயத்து. தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி. தேர்தலில் ஜெயித்த ஊராட்சித் தலைவர் இருந்தாலும், கடல் விவகாரம் அவரிடம் போகாது. 2004 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரை நெடுக நிவாரணம் கொண்டுவந்தவர்கள் முதலில் தேடியது பஞ்சாயத்தாரைத்தான். யார் வீட்டில் யார் போனார்கள் என்ற பட்டியல் அவர்களிடம்தானே இருந்தது. அதே பட்டியலில் பல ஊர்களில் தனித்து வாழும் பெண்கள் விடுபட்டார்கள். தலைக்கட்டு என்றால் கல்யாணமான ஆண். கூட்டத்தில் பெண்ணுக்கு இடமில்லை. அரசமாதா மாதிரி ஒருத்தியும் இல்லை.

உள்நாட்டில் கதை இன்னும் கசப்பு. 2021 மே மாதம், இதே விழுப்புரம் மாவட்டத்தில் திருவெண்ணெய்நல்லூர் பக்கம் ஒட்டனந்தலில், கொரோனாக் கட்டுப்பாட்டை மீறித் திருவிழா நடத்தினார்கள் என்று தலித் முதியவர்கள் மூன்று பேரை ஊர்ப் பஞ்சாயத்தார் காலில் விழவைத்தார்கள். படம் வெளியே வந்த பிறகுதான் வழக்கு. கட்டப் பஞ்சாயத்து சட்டவிரோதம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது அதற்குப் பத்து வருடம் முன்பு, 2011-ல்.

தம்பி கிளாஸைக் கீழே வைத்தான். "அந்த மூணு பேரும் ஏன் விழுந்தாங்க அண்ணே? முடியாதுன்னு போயிருக்கலாமே?"

போய் எங்கே இருப்பது? வேலைக்கு அழைக்கிற நிலம், மாடு போகிற பாதை, கடனுக்கு அரிசி கொடுக்கிற கடை. இந்த மாதிரி ஊர்களில் இதெல்லாம் பெரும்பாலும் யார் கையில் இருக்கும் என்று கேட்டேன். அவன் பதில் சொல்லாமல் இன்னொரு டீ சொன்னான், சர்க்கரை கம்மியாக.