கால் நுனியும் எறும்புத்தின்னியும்

1954-இல் லைஃப் இதழில் யூஜின் ஸ்மித் எடுத்த மருத்துவர் ஆல்பர்ட் ஷ்வைட்சர் படத்தொடர் வெளிவந்தது. அதன் புகழ்பெற்ற படம் ஒன்றில், மருத்துவருக்கு முன்னே கீழ்ப்பகுதியில் ஒரு கையும் ரம்பத்தின் கைப்பிடியும் நிழலாகத் தெரியும். அவை இரண்டும் வேறொரு நெகட்டிவிலிருந்து இருட்டறையில் சேர்க்கப்பட்டவை. அடுத்த ஆண்டே நெதர்லாந்தில் வேர்ல்ட் பிரஸ் போட்டோ போட்டி தொடங்கியது. இன்று அந்தப் போட்டிக்கு இப்படியொரு படம் வந்தால் உடனே விலக்கப்பட்டுவிடும்.

அன்று நடுவர்கள் பார்த்தது பிரிண்டை. நெகட்டிவ் எடுத்தவரிடமே இருக்கும். என்லார்ஜரின் ஒளிக்குக் குறுக்கே கையைக் காட்டினால் தாளில் அந்த இடம் வெளுக்கும். சில நொடிகள் கூடுதலாக ஒளி விட்டால் கறுக்கும். ஆன்சல் ஆடம்ஸ் 1941-இல் நியூ மெக்சிகோவின் எர்னாண்டஸ் ஊரில் நிலவெழுச்சியைப் படமெடுத்தார். அதன் தொடக்கப் பிரிண்டுகளில் வானில் மென்மேகம் தெரியும். பிற்காலப் பிரிண்டுகளில் வானம் ஏறக்குறைய முழுக்கருப்பு. நெகட்டிவ் ஒன்றே. அந்தக் கருமையை மக்கள் கைத்திறன் என்றே கொண்டாடினார்கள்.

இன்று வேர்ல்ட் பிரஸ் போட்டோவில் இறுதிச் சுற்றுக்கு வருபவர் கேமராவில் பதிவான ரா கோப்பைக் கொடுக்க வேண்டும். முடித்த படத்தையும் மூலத்தையும் அருகருகே வைத்து ஆராய்கிறார்கள். ஆளையோ பொருளையோ சேர்க்கக் கூடாது, நீக்கக் கூடாது, இடம் மாற்றக் கூடாது. ஓரத்தை வெட்டலாம். சென்சாரில் படிந்த தூசியைத் துடைக்கலாம். நிறத்தையும் ஒளியையும் அளவோடு திருத்தலாம்.

அந்த 'அளவு' எது என்பதில்தான் விதி தடுமாறுகிறது. 2010-இல் ஸ்டெபான் ரூடிக்கின் கீவ் தெருச்சண்டைப் படத்தொடர் விளையாட்டுப் பிரிவில் மூன்றாம் பரிசு பெற்றது; பிறகு பரிசு பறிக்கப்பட்டது. கைக்குக் கட்டுப் போடும் ஒரு படத்தில், பின்னால் நின்றவரின் கால் நுனியை அவர் அழித்திருந்தார். மூலப்படத்தைப் பார்த்தால் திகைப்பு வரும். அது வண்ணத்தில் எடுத்த அகலமான காட்சி. அதில் ஒரு சிறு பகுதியை மட்டும் வெட்டியெடுத்து, கறுப்பு வெள்ளையாக்கி, ஃபிலிம் போல மணிமணியாகக் காட்டி, ஓரங்களை இருட்டாக்கியிருந்தார். இவை எதுவும் அவரை வெளியேற்றவில்லை. காட்சியின் பெரும்பகுதியை வெட்டியது விதிக்கு உட்பட்டது. கால் நுனியைத் துடைத்தது விதிமீறல். விதி வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை, அழித்தது தவறு என்பதிலும் இல்லை. ஆனால் பார்ப்பவரின் மனத்தில் படத்தின் பொருளை மாற்றியது எது என்று கேட்டால், அந்தக் கால் நுனி என்று என்னால் சொல்ல முடியாது.

2015-இல் கடைசிக்கு முந்தைய சுற்றை எட்டிய படங்களில் 20 விழுக்காடு விலக்கப்பட்டன. முந்தைய ஆண்டு அது 8 விழுக்காடு. பல படங்களில் குற்றம், நிழலை ஒன்றும் தெரியாத அளவுக்குக் கறுக்க வைத்தது. ஆடம்ஸின் வானத்தை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

ஆனாலும் பெற்றது சிறிதல்ல. காஸாவில் இரு குழந்தைகளின் உடல்களைச் சுமந்து செல்லும் ஆண்களைக் காட்டும் பால் ஹான்சனின் படம் 2013-இல் முதற்பரிசு பெற்றபோது, அது ஒட்டுப்படம் என்ற பேச்சு எழுந்தது. ரா கோப்பை ஆராய்ந்த தடயவியல் நிபுணர்கள், ஒளியும் நிறமும் திருத்தப்பட்டிருந்தாலும் ஒட்டுவேலை இல்லை என்றார்கள். மூலம் கையில் இருந்ததால்தான் அந்தத் துயரத்தின் மீது விழுந்த சந்தேகத்தை விலக்க முடிந்தது.

கேமராவுக்கு முன்னால் நடக்கும் ஏமாற்றோ கோப்பில் அகப்படாது. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் 2017 வனவிலங்குப் படப் போட்டியில், பிரேசிலின் எமாஸ் தேசியப் பூங்காவில் எடுத்த படம் ஒரு பிரிவில் வென்றது. இரவில் புழுக்கள் மின்னும் கரையான் புற்று, அதை நெருங்கும் எறும்புத்தின்னி. அந்த விலங்கு பூங்காவின் பார்வையாளர் மையத்தில் இருந்த பாடம் செய்த உடல் என்று 2018-இல் நிபுணர்கள் முடிவுக்கு வந்தார்கள். எடுத்தவர் மறுத்தார், பரிசு திரும்பப் பெறப்பட்டது. காட்டிக் கொடுத்தது ரா கோப்பு அல்ல. விலங்கின் உடற்குறிகளையும் நிற்கும் நிலையையும் கண்ணால் ஒப்பிட்டுத்தான் கண்டார்கள்.

ஃபிலிம் ஒருமுறை ஒளியை வாங்கினால் அதுதான் மூலம். இன்றைய கைபேசியோ இரவில் பல படங்களை அடுத்தடுத்து எடுத்து, நாம் பார்க்கும் முன்பே ஒன்றாக்கிவிடுகிறது. கை வைக்காத படம் என்று எதைக் காட்டுவது?

2024-இல் '1839 விருதுகள்' என்ற படப் போட்டியில் செயற்கை நுண்ணறிவுப் படங்களுக்கென்றே ஒரு பிரிவு இருந்தது. புகைப்படக் கலைஞர் மைல்ஸ் ஆஸ்ட்ரே அதற்கு அருபா தீவில் தாம் கேமராவில் எடுத்த பூநாரைப் படத்தை அனுப்பினார். தலையைத் தாழ்த்தி வயிற்றைச் சொறிவதால் தலையே இல்லாததுபோலத் தெரியும் பறவை. நடுவர்கள் மூன்றாம் இடம் தந்தார்கள். மக்கள் வாக்கிலும் அது வென்றது. அவர் உண்மையைச் சொன்னதும், பிரிவுக்குப் பொருந்தாது என்று விலக்கினார்கள். மற்ற போட்டியாளர்களை எண்ணினால் அது நியாயமே. ஆனால் அவராகச் சொல்லும்வரை, அது உயிருள்ள பறவை என்று நடுவர்களுக்கும் தெரியவில்லை, வாக்களித்தவர்களுக்கும் தெரியவில்லை.