புரோகிராமுக்குள் ஒரு சர்வர்

ஜனக்புரி வட்டாரத்தில் பொங்கல் விழா நடத்தும் நண்பர்கள் குழு ஒன்றில் நானும் உண்டு. யார் யார் வருகிறார்கள், எத்தனை இலை போடவேண்டும், யார் என்ன நன்கொடை தந்தார்கள் என்ற கணக்கெல்லாம் பல வருஷங்களாக ஒரு நீள நோட்டுப் புத்தகத்தில்தான் இருந்தது. "நீங்கள்தான் கம்ப்யூட்டர்காரர் ஆயிற்றே ஸார், இதற்கு ஏதாவது செய்யக்கூடாதா?" என்று குழுவின் மூத்தவர் ஒருநாள் கேட்டார். எனக்கும் கை பரபரத்தது. சரி என்றேன்.

எல்லாக் கம்ப்யூட்டரிலும் ப்ரவுஸர் இருக்கிறது. ஆகவே ப்ரவுஸரில் பார்க்கும்படி செய்துவிடலாம். ஆனால் ப்ரவுஸர் கேட்கும் பக்கத்தை எடுத்துக் கொடுக்க வெப் சர்வர் என்று ஒன்று வேண்டுமே! அதைத் தனியாக நிறுவி, அதன்மேல் நம் புரோகிராமை ஏற்றுவதுதான் பழைய வழக்கம். குழுவின் லேப்டாப்போ வருஷத்துக்கு ஒருவர் வீட்டில் இருக்கும். வீடு வீடாகப் போய் நான் சர்வர் நிறுவிக் கொண்டிருக்க முடியுமா? சர்வரையே என் புரோகிராமுக்குள் வைத்துவிட்டேன். ஒரே ஒரு ஃபைல். அதைத் திறந்தால் உள்ளே இருக்கும் சர்வரும் கூடவே விழித்துக்கொள்ளும். தெருக்குழாய்க்குக் குடம் தூக்கிப் போனவர்கள் கொல்லையிலேயே கிணறு வெட்டிக்கொண்ட மாதிரி.

இது என் கண்டுபிடிப்பு அல்ல. ஆஸ்திரேலியாவின் கிரெக் வில்கின்ஸ் 1995-இல் எழுதத் தொடங்கிய 'ஜெட்டி' என்ற ஜாவா சர்வர், வேறு மென்பொருளுக்குள் அடக்கமாக உட்காருவதற்கென்றே பெயர் வாங்கியது. புரோகிராமை சர்வருக்குள் வைக்காதே, சர்வரைப் புரோகிராமுக்குள் வை என்பதுதான் அவர்கள் கட்சி. சன் மைக்ரோசிஸ்டம்ஸில் பிறந்து 1999-இல் அப்பாச்சி அமைப்பின் கைக்குப் போன 'டாம்கேட்' சர்வரும் பின்னால் இந்த வழிக்கு வந்தது. 2014-இல் 'ஸ்பிரிங் பூட்' வெளிவந்தபோது டாம்கேட் அதன் வயிற்றுக்குள்ளேயே இருந்தது. அதற்குப் பிறகு ஜாவாக்காரர்களுக்கு இது அன்றாட விஷயமாகிவிட்டது.

நம் ஊர் உதாரணம் வேண்டுமா? 1996-இல் அட்வென்ட்நெட் என்று தொடங்கி, 2009-இல் ஸோஹோ என்று பெயர் மாறிய சென்னைக் கம்பெனியை வாசகர்கள் அறிவார்கள். அதன் 'மேனேஜ்எஞ்ஜின்' மென்பொருள்களில் பலவற்றை நிறுவினால் டாம்கேட்டும் கூடவே வந்து இறங்கும். அவ்வளவு தூரம் போவானேன்? இங்கே டிஸ்ட்ரிக்ட் சென்டரில் எந்தக் கணக்கர் அலுவலகத்திலும் டாலி இருக்கும். பெங்களூர்க்காரர்களின் அந்தக் கணக்கு மென்பொருளுக்குள்ளும் ஒரு சின்ன சர்வர் உண்டு. அந்த வசதியை இயக்கி வைத்துவிட்டு, ப்ரவுஸரில் 'லோக்கல்ஹோஸ்ட்:9000' என்று தட்டினால், சர்வர் ஓடிக்கொண்டிருக்கிறது என்று ஒருவரியில் பதில் சொல்லும். வருஷக்கணக்காக டாலியில் வேலை செய்கிறவர்கள்கூட இதைப் பார்த்து அசந்துபோவதைக் கண்டிருக்கிறேன்.

என் கதைக்கு வருகிறேன். விழா அன்று காலை லேப்டாப்பை மண்டபத்தின் வைஃபையில் இணைத்தோம். பொங்கல் பொங்கி, குழந்தைகள் மேடையேறிக் கொண்டிருந்த நேரம். தொண்டு செய்ய வந்த கல்லூரிப் பையன் ஒருவன் காதோரமாக வந்து, "அங்கிள், எல்லார் போன் நம்பரும் என் மொபைல்ல தெரியுது. யார் எவ்வளவு கொடுத்தாங்கன்னும் தெரியுது" என்றான்.

எனக்கு வியர்த்துவிட்டது. ஐந்நூறு கொடுத்தவரும் ஐயாயிரம் கொடுத்தவரும் அடுத்தடுத்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள்!

தப்பு முழுக்க என்னுடையது. இந்த சர்வர்களிடம் எந்த முகவரியில் கேட்கவேண்டும் என்று நாம் சொல்லாவிட்டால், அவை எல்லா முகவரிகளிலும் காது கொடுக்கும். 127.0.0.1 என்ற எண்ணுக்கு 'இந்தக் கம்ப்யூட்டர் மட்டும்' என்று பொருள். ஒரே ஒரு வரி. அதை நான் எழுதவில்லை. முதல்முறை ஓடியபோது விண்டோஸ் அனுமதி கேட்டு ஒரு பெட்டியைக் காட்டியது. படிக்காமலே 'சரி' என்று அமுக்கியவனும் நானேதான். கிணறு வெட்டினேன், கைப்பிடிச் சுவர் கட்டவில்லை.

அந்த ஒருவரி இருந்தால் போதும் என்றும் சொல்வதற்கில்லை. மாக் கம்ப்யூட்டர்களில் 'ஜூம்' ஒரு சின்ன சர்வரை ஓசைப்படாமல் ஓடவிட்டிருந்ததை 2019 ஜூலையில் ஜொனதன் லைட்ஷூ என்ற ஆராய்ச்சியாளர் வெளியிட்டார். நாம் ப்ரவுஸரில் பார்க்கும் ஏதோ ஒரு வலைப்பக்கம் அந்த சர்வரைத் தட்டி, நம்மைக் கேமராவோடு கூட்டத்தில் சேர்த்துவிட முடிந்தது. ஜூமை நீக்கினாலும் சர்வர் மட்டும் தங்கிவிடும். கடைசியில் ஆப்பிளே தலையிட்டு அதை அகற்றியது.

இன்னொரு தொல்லையும் உண்டு. 2020 பிப்ரவரியில் டாம்கேட்டில் 'கோஸ்ட்கேட்' என்ற ஓட்டை தெரியவந்தது. தனியாக நிறுவியவர்கள் புதிய பதிப்பைப் போட்டுக்கொண்டார்கள். வேறொரு மென்பொருளோடு வந்த டாம்கேட்டை வைத்திருந்தவர்களோ, அந்த மென்பொருளைச் செய்தவர் அனுப்பும் வரை காத்திருக்கவேண்டும். தங்களிடம் டாம்கேட் இருப்பதே தெரியாதவர் என்ன செய்வார்? உள்ளே வைத்தவன்தான் கடைசிவரை பார்த்துக்கொள்ள வேண்டும். என் புரோகிராமுக்கு அந்தப் பொறுப்பு என் தலையில். நான் ஊரை விட்டுப் போனால் யார் தலையில் என்று இன்னும் முடிவாகவில்லை.

அன்றே வைஃபையைத் துண்டித்துவிட்டேன். மறுவாரம் 127.0.0.1 என்று எழுதினேன். உடனே சமையல் பொறுப்பாளர், இலைக் கணக்கைச் சாப்பாட்டுக் கூடத்திலிருந்து பார்க்க முடியவில்லை என்று குறைப்பட்டார். நியாயம்தானே! அவருக்காக இலை எண்ணிக்கையை மட்டும் காட்டும் ஒரு பக்கத்தை, கடவுச்சொல் போட்டுத் தனியாகத் திறந்தேன். நன்கொடை விவரத்தைப் புரோகிராமிலிருந்தே எடுத்துவிட்டேன். அது மறுபடியும் நீள நோட்டுக்குப் போய்விட்டது. நோட்டு, மூத்தவர் வீட்டு அலமாரியில் இருக்கிறது.